தொற்று பரவும் நேரத்தில் பன்னாட்டுக் கருத்தரங்கம்: நேரில் கூடலாமா, வேண்டாமா?

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ ஒரு கல்லூரி, மாம்பழத்தையும் சிறுதானியத்தையும் பற்றி ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 300 பேர் வருகிறார்கள், அதில் 40 பேர் வெளிநாட்டுக்காரர்கள். அழைப்பிதழ் அச்சடித்தாயிற்று, ஓசூரில் ஓட்டல் அறைகளுக்கு முன்பணம் போயிற்று, சமையல் மாஸ்டரிடம் பேசி முடித்தாயிற்று. அந்த நேரம் பார்த்து எங்கோ ஒரு நாட்டில் புதுக் காய்ச்சல் ஒன்று பரவுகிறது என்று செய்தி வருகிறது. நடத்தலாமா, நிறுத்தலாமா, தள்ளிவைக்கலாமா, ஜூமில் முடித்துக்கொள்ளலாமா? 2020 பிப்ரவரியில் உலகம் முழுக்க எத்தனையோ குழுக்கள் இந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருந்தன, பலரும் கடைசி நிமிடம் வரை இழுத்துக்கொண்டே போனார்கள். இன்னொரு தொற்று வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. யாருக்கும் பதற்றம் இல்லாத இந்த நேரத்திலேயே இதை யோசித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்று வழியாகப் பரவுகிற நோய், அதிலும் காய்ச்சல் தெரிவதற்கு முன்பே அடுத்தவருக்கு ஒட்டிக்கொள்கிற நோய் என்றால், பல நாட்டு ஆட்களை ஒரே ஹாலில் கூட்டக் கூடாது. தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவைக்க வேண்டும், முடியாவிட்டால் அவரவர் ஊரில் சின்னச் சின்ன அறைகளில் கூடி, அந்த அறைகளை இணையத்தில் இணைத்துக்கொள்ள வேண்டும். வேறு வழியில் பரவும் நோய்க்கு நேரில் கூடுவதற்கு நிறையவே இடம் இருக்கிறது, சில சமயம் கூடித்தான் ஆக வேண்டும். எந்த நோயானாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: அந்தக் கூட்டத்துக்கு வராதவர்கள் தலையில் என்ன வந்து விழும்?

நோய் எப்படிப் பரவுகிறது என்று கேட்காமல் எடுக்கிற எந்த முடிவும் சரியாக வராது. டெங்கு ஒரு மனிதரிடமிருந்து நேராக இன்னொருவருக்குப் போகாது, நடுவில் ஏடிஸ் கொசு வேண்டும், அது பகலில் கடிக்கும், தேங்கி நிற்கும் தண்ணீரில் முட்டையிடும். ஆக டெங்கு காலத்தில் கருத்தரங்கை நிறுத்துவதைவிட, விடுதியின் தொட்டிகளையும் ஏர் கூலர்களையும் பின்பக்கம் கிடக்கும் பழைய டயர்களையும் ஒரு வாரம் முன்பே சுத்தம் செய்வதுதான் வேலைக்கு ஆகும். ஆனால் இங்கே கடி வாங்கிய விருந்தினர் ஊர் திரும்பி சில நாள் கழித்துத்தான் காய்ச்சலில் படுப்பார், அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும். காலரா என்றால் தண்ணீரும் சாப்பாடும்தான் கவனம்: காய்ச்சி ஆறிய தண்ணீர், சூடான சாப்பாடு, கை கழுவ சோப்பு, இவ்வளவு ஒழுங்காக இருந்தால் கூட்டம் நடக்கலாம்.

தட்டம்மை வேறு ரகம். தடுப்பூசி போடாதவர்கள் நோயாளிக்கு அருகில் இருந்தால் 10 பேரில் 9 பேருக்கு வந்துவிடும், நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அறைக் காற்றில் கிருமி இருக்கும். ஆனால் அதற்கு நல்ல தடுப்பூசி இருப்பதால், போட்டுக்கொண்டவர்கள் மட்டும் வாருங்கள் என்று சொல்லிவிட முடியும். 2003ல் வந்த சார்ஸ் நோயில், ஆள் நன்றாகப் படுத்த பிறகுதான் அதிகமாகப் பரவியது, அதனால் காய்ச்சல் உள்ளவர்களைப் பிரித்து வைத்தே அதை அடக்க முடிந்தது. கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே பரவ ஆரம்பித்தது. மண்டப வாசலில் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்து வெப்பம் பார்த்தோமே, அது அப்படிப்பட்டவர்களில் ஒருவரைக்கூடப் பிடித்திருக்காது. புது நோய் ஒன்று வந்து, அது எந்த ரகம் என்றே தெரியாத முதல் சில வாரங்களில், மோசமான ரகம் என்று எடுத்துக்கொண்டு நடப்பதுதான் சரி.

அப்படிப்பட்ட நோய்க் காலத்தில் நேரில் கூடினால் என்ன ஆகும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, நடந்ததே இருக்கிறது. 2020 ஜனவரியில் சிங்கப்பூரில் ஒரு ஓட்டலில் ஒரு நிறுவனத்தின் விற்பனைக் கூட்டம் நடந்தது, 100 பேருக்குக் கொஞ்சம் மேல். அங்கிருந்து மலேசியாவுக்கும் தென்கொரியாவுக்கும் பிரிட்டனுக்கும் கிருமி ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தது, பிரிட்டன்காரர் வழியில் பிரான்சில் ஒரு பனிமலை விடுதியில் தங்கியதால் அங்கேயும் சிலருக்கு வந்தது. அடுத்த மாதம், பிப்ரவரி 26, 27 தேதிகளில், பாஸ்டனில் பயோஜென் என்ற மருந்து நிறுவனம் தன் மேலாளர்களை ஒரு ஓட்டலில் கூட்டியது. சுமார் 175 பேர். அதில் பரவிய கிருமிக்கு மரபணுவில் தனி அடையாளம் ஒன்று இருந்ததால், அது எங்கெல்லாம் போனது என்று ஆய்வாளர்களால் பின்னால் தொடர்ந்து பார்க்க முடிந்தது. அந்த ஆண்டு நவம்பர் தொடக்கத்துக்குள் அமெரிக்காவில் சுமார் 3 லட்சம் பேருக்கு வந்த தொற்று அந்த ஒரு கூட்டத்தின் வழியில் வந்தது என்று மதிப்பிட்டார்கள். பாஸ்டனில் வீடில்லாதவர்கள் தங்கும் காப்பகங்களிலும் அதே அடையாளம் கொண்ட கிருமி இருந்தது.

அந்தக் காப்பகத்தில் படுத்திருந்தவர்களுக்கு அந்த ஓட்டல் கூட்டம் நடந்ததே தெரிந்திருக்காது. தொற்றுக் காலத்தில் கூடலாமா என்ற பேச்சில் எப்போதும் விட்டுப்போவது இந்த ஆட்கள்தான். வருகிறவர் தன் விருப்பத்தோடு வருகிறார், படித்தவர், ஆபத்து தெரிந்து கையெழுத்துப் போட்டு வருகிறார், அவர் பாடு. ஆனால் நம் பக்கம் நடந்தால் அவருக்கு அறை துடைக்கிறவர் ஓசூர் ஓட்டலில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, தட்டு எடுக்கிறவர் சமையல் மாஸ்டரோடு தினக்கூலிக்கு வந்த பையன், விமான நிலையத்திலிருந்து கூட்டி வருகிறவர் வாடகை வேன் டிரைவர். இவர்களில் யாரும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுவதில்லை. மூன்று நாளும் அவர்கள்தான் அத்தனை பேருக்கும் அருகில் இருக்கிறார்கள், நான்காவது நாள் வீட்டுக்குப் போய் வயதான அப்பா அம்மாவோடு ஒரே அறையில் தூங்குகிறார்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டம் 2020 ஏப்ரல் முடியும்வரை ஒரு தொற்றும் பதிவாகாமல் தமிழ்நாட்டிலேயே பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம். தேசிய நெடுஞ்சாலைகள் வந்து கூடுகிற ஊர், பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிற ஆட்கள் நிறைந்த ஓசூர் இதே மாவட்டத்தில், இருந்தும் அவ்வளவு நாள் தாங்கியது. கர்நாடக எல்லையில் ஜூஜுவாடி சோதனைச் சாவடியும் பயணத்துக்கு வாங்க வேண்டிய இ-பாஸும் ஜனங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை, வேலையை விட்டவர்கள் எத்தனையோ பேர். அன்றைக்கு கிருஷ்ணகிரியில் மருத்துவக் கல்லூரியே கிடையாது, போலுப்பள்ளியில் அது வந்தது 2022ல்தான். தருமபுரியில் 2008லிருந்து இருக்கிறது. இப்போது படுக்கைகள் கூடியிருக்கின்றன என்பது உண்மைதான், ஆனாலும் அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ மூச்சுத் திணறுகிற ஒருவரை அங்கே கொண்டுவந்து சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். கருத்தரங்கம் நடத்துகிறவர்கள் ஹாலில் எத்தனை நாற்காலி என்று கணக்குப் போடுவதற்கு முன்னால் இதைக் கணக்குப் போட வேண்டும்.

எங்கே ஆபத்து அதிகம் என்பதிலும் பலர் தவறான இடத்தைப் பார்க்கிறார்கள். உரை கேட்கும்போது எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து வாயை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள், ஆபத்து இருந்தாலும் ஓரளவுக்குத்தான். டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் முகக்கவசம் கழன்றுவிடும், எதிரெதிரே நின்று சத்தமாகப் பேசுவார்கள், பழைய சினேகிதரைப் பார்த்தால் இன்னும் நெருங்கிப் பேசுவார்கள். அதைவிட மோசம் வேன். பெங்களூர் கெம்பேகவுடா விமான நிலையத்திலிருந்து நகரத்தைத் தாண்டி, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி, ஓசூர் என்று கிருஷ்ணகிரி வந்து சேர சாதாரணமாக மூன்று மணி நேரம் ஆகும். இரவு முழுக்க விமானத்தில் வந்த 12 பேரை ஏசி போட்டு ஜன்னலை ஏற்றிவிட்டு அத்தனை நேரம் ஒரு வேனில் அடைத்து வைத்தால், ஹாலில் இடைவெளி விட்டு நாற்காலி போட்டதெல்லாம் எதற்கு? 2020 ஜனவரியில் கிழக்குச் சீனாவில் ஒரு கோயில் விழாவுக்குப் போன பேருந்தில் நோயுள்ள ஒருவர் இருந்தார். போகவர மொத்தம் 100 நிமிடம்தான், உள்ளே இருந்த காற்றையே சுற்றிவிடுகிற ஏசி, அந்த ஒருவரிடமிருந்து 23 பேருக்கு வந்தது. விழாவில் அவர்கள் நின்றது திறந்த வெளியில்.

சரி, கவனமாக நடத்தினால் நேரில் நடத்தவே முடியாதா என்றால், முடியும், அதற்கும் சான்று இருக்கிறது. 2021 நவம்பரில் நியூயார்க்கில் அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் ரசிகர்கள் 53,000 பேர் ஒரு பெரிய அரங்கத்தில் கூடினார்கள், கொரோனாவின் புது வகையான ஒமிக்ரான் அமெரிக்காவுக்குள் நுழைந்த அதே நேரம். வந்தவர்களில் ஒருவருக்கு ஒமிக்ரான் இருந்தது தெரிந்ததும் எல்லோருக்கும் பயம். ஆனால் ஆராய்ந்து பார்த்தபோது அந்தக் கூட்டத்தால் பெரிய பரவல் நடந்ததற்கு அடையாளம் இல்லை. தடுப்பூசி கட்டாயம், முகக்கவசம் கட்டாயம், அரங்கத்தில் நல்ல காற்று வடிகட்டிகள். இதற்கு நேர்மாறாக 2023 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே, அதாவது தொற்றுநோய் ஆய்வாளர்களே, அட்லாண்டாவில் நடத்திய தங்கள் கருத்தரங்கில் சுமார் 1,800 பேர் நேரில் கலந்துகொண்டார்கள். பின்னால் எடுத்த கணக்கில் பதில் சொன்னவர்களில் 181 பேருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. ஏறக்குறைய எல்லோரும் தடுப்பூசி போட்டவர்கள், அதனால் யாரும் மருத்துவமனையில் படுக்கவில்லை, ஆனால் பெரும்பாலானோர் முகக்கவசம் போடவில்லை. நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்தவர்களாக இருந்தாலும் காற்றோட்டமும் முகக்கவசமும் இல்லாவிட்டால் நோய் வரத்தான் செய்யும். நம்மூர் கல்லூரி ஆடிட்டோரியங்களில் நியூயார்க் அரங்கத்துக்கு நிகரான வடிகட்டி கிடையாது. ஜன்னலைத் திறந்தால் ஏசி போகும், வெளிச்சத்தில் திரையில் ஸ்லைடு தெரியாது என்று ஜன்னலை மூடிவிடுவார்கள், நானே பார்த்திருக்கிறேன். தடுப்பூசி வந்துவிட்ட ஒரு நோய் என்றால், ஜன்னல்களைத் திறந்து வைக்க முடிந்த ஹால் என்றால், நானும் நேரில் நடத்தலாம் என்றுதான் சொல்வேன்.

நேரில் கூடாததால் இழப்பது எதுவுமில்லை என்று சொல்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. இந்தப் பக்கத்தின் மாங்கூழ் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரா என்கிற தோத்தாபுரி மாங்காயைக் கூழாக்கி வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறோம். வாங்குகிறவர் சர்க்கரை அளவு எத்தனை பிரிக்ஸ் என்று காகிதத்தில் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில்லை, நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும், நிறம் பார்க்க வேண்டும், தொழிற்சாலையில் பழம் கழுவுகிற தண்ணீரைப் பார்க்க வேண்டும். தத்துப்பூச்சி தாக்கிய மாமரப் பூங்கொத்தைத் தோப்பில் நின்று கையில் வாங்கிப் பார்க்கும் ஆய்வாளர் கேட்கிற கேள்வி, போட்டோவைப் பார்த்துக் கேட்கிற கேள்வியைவிட எத்தனையோ மடங்கு கூர்மையாக இருக்கும். விவசாயியும் அப்போதுதான் வாய் திறப்பார். ஜூம் திரையில் எந்தத் தோப்புக்காரர் பேசுகிறார்?

நேரில் வராமல் தடுத்ததே தவறாகிப்போன சம்பவமும் ஒன்று உண்டு. 2014 நவம்பரில் அமெரிக்க வெப்பமண்டல மருத்துவச் சங்கம் நியூ ஆர்லியன்ஸில் கூடியது. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா உச்சத்தில் இருந்த நேரம். கடந்த 21 நாட்களில் அந்த நாடுகளுக்குப் போய் வந்தவர்கள் வர வேண்டாம் என்று லூசியானா மாநில சுகாதாரத் துறை சொல்லிவிட்டது. விளைவு, எபோலா நோயாளிகளுக்கு நடுவில் வேலை பார்த்துவிட்டு வந்த ஆட்களே எபோலா பற்றிய விவாதத்தில் உட்கார முடியவில்லை. எபோலா அறிகுறி வந்த பிறகுதான், அதுவும் உடல் திரவங்கள் வழியாகத்தான் பரவும், நலமாக இருக்கிற ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதால் பரவாது. தினமும் இரண்டு வேளை காய்ச்சல் பார்த்துக்கொண்டு அவர்களைச் சேர்த்திருக்கலாம். இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, எத்தனை முக்கியமான நேரம் அது!

இணையத்துக்கு வருவோம். அதன் பெரிய பலம், பணமும் விசாவும் இல்லாதவர்களுக்குக் கதவு திறப்பது. ஐசிஎல்ஆர் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருத்தரங்கம் 2020 ஏப்ரலில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் நடப்பதாக இருந்தது. ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கு மேற்கத்திய நாடுகளின் விசா கிடைக்காமல் போகிற குறையைப் போக்கத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கொரோனாவால் முழுக்க இணையத்துக்குப் போயிற்று, 5,600 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள், முந்தைய ஆண்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் ஆப்பிரிக்க மண்ணில் கூடுவதற்கு 2023 வரை, ருவாண்டாவின் கிகாலி வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. லாபமும் நஷ்டமும் ஒரே நிகழ்ச்சியில்.

நம் பக்கத்திலும் அப்படித்தான். பென்னாகரத்திலிருந்து வருகிற ஒரு முனைவர் பட்ட மாணவிக்கு வெளிநாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பது நினைத்துப் பார்க்க முடியாத செலவு, இணையத்தில் அது நடந்துவிடுகிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதே சமயம் 2020ல் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தினம் தினம் நடந்த வெபினார்களும் நினைவில் இருக்கின்றன. யூடியூபில் ஓடவிட்டு, கடைசியில் வருகிற கூகுள் படிவத்தை நிரப்பினால் இ-சர்டிஃபிகேட் மெயிலில் வந்துவிடும், பேசியவர் என்ன பேசினார் என்று கேட்டால் பதில் வராது. அது பன்னாட்டுக் கருத்தரங்கம் என்ற பெயரில் போய் கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் அமைப்பின் மதிப்பீட்டுக் கோப்பில் உட்கார்ந்ததோடு சரி. இணையத்தில் நடத்துவதானால் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைத்து, கட்டுரையை ஒரு வாரம் முன்பே அனுப்பிப் படிக்கச் சொல்லி, நேரலையில் கேள்வி பதில் மட்டும் வைத்தால்தான் பயன்.

நேரத்தையும் யோசித்து வைக்க வேண்டும். நம் நேரப்படி இரவு 7 மணி என்றால் மெக்சிகோவில் காலை 7:30, பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 10:30, கென்யாவில் மாலை 4:30, பிலிப்பைன்ஸில் இரவு 9:30. மா விளைகிற நாடுகளை ஒன்றாகச் சேர்க்க இரவு 7 முதல் 9 வரை என்ற இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது, காலை 9:30க்குக் குத்துவிளக்கு ஏற்றி மாலை 5 மணிக்கு நன்றியுரை என்ற பழைய அட்டவணையை அப்படியே ஜூமில் ஏற்றினால் பாதி உலகம் தூங்கிக்கொண்டிருக்கும். அப்புறம் சிக்னல். சாமை, ராகி பற்றிப் பேச வேண்டியவர்கள் வத்தல்மலையிலும் சித்தேரியிலும் அஞ்செட்டிப் பக்கமும் இருக்கிறார்கள். பேருந்து பிடித்து கிருஷ்ணகிரிக்கு வந்துவிடுவார்கள், ஆனால் இரண்டு மணி நேரம் அறுந்துபோகாத வீடியோ அவர்களுக்குக் கிடைக்காது. முழுக்க இணையம் என்று முடிவு செய்தால் வெளிநாட்டு மாணவருக்குக் கதவு திறக்கும், உள்ளூர் விவசாயிக்கு மூடிக்கொள்ளும்.

பாதி நேரில், பாதி இணையத்தில் என்ற கலப்பு முறையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பெரிய அரங்கம், தனியாகத் தொழில்நுட்ப ஆட்கள், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி நெறியாளர் என்று செலவு செய்ய முடிந்தவர்களுக்கு அது நடக்கும். ஒரே ஒரு மைக், ஒரு லேப்டாப், கரண்ட் போனால் ஜெனரேட்டர் என்று ஓடுகிற கல்லூரியில் ஹாலில் இருப்பவர் பேசுவது இணையத்தில் கேட்காது, இணையத்தில் கை தூக்கியவரை ஹாலில் யாரும் கவனிக்க மாட்டார்கள். இதில் தொற்று ஆபத்தும் முழுசாக நிற்கிறது, ஏனென்றால் ஹாலில் ஆட்கள் கூடத்தானே செய்கிறார்கள்.

தள்ளிவைப்பது எனக்குப் பிடித்த வழி, ஆனால் எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. இந்தியா-ஆப்பிரிக்கா உச்சி மாநாடு 2014 டிசம்பரில் டெல்லியில் நடப்பதாக இருந்தது, எபோலாவால் தள்ளிப்போய் 2015 அக்டோபரில் நடந்தது. 2020 நவம்பரில் நடக்க வேண்டிய கிளாஸ்கோ பருவநிலை மாநாடு ஒரு வருடம் தள்ளிப்போயிற்று, நடந்தபோது தினமும் பரிசோதனை செய்துகொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்று வைத்தார்கள். 2003ல் டொராண்டோவில் சார்ஸ் இருந்தபோது, அங்கே 16,000 பேர் வருவதாக இருந்த அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கக் கூட்டத்தைத் தொடங்கச் சில நாள் இருக்கும்போது நிறுத்தி, ஜூலையில் வாஷிங்டனில் நடத்தினார்கள். வந்திருக்க வேண்டியவர்களில் பலர் புற்றுநோய் மருத்துவர்கள், அவர்கள் திரும்பிப் போய்த் தொடப்போவது எதிர்ப்பு சக்தி இல்லாத நோயாளிகளை. அந்த முடிவு ரொம்பச் சரி என்று நினைக்கிறேன்.

ஆனால் மாம்பழத்தை நவம்பருக்குத் தள்ளிவைக்க முடியாது. மே, ஜூன், ஜூலை போனால் அடுத்த மே. கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியே கொரோனா ஆண்டுகளில் நடக்காமல் நின்றது, அது போனது போனதுதான். சிறுதானியத்துக்குக் கொஞ்சம் தாராளம்: ஆடிப் பட்டத்தில் விதைத்த ராகி அறுவடைக்கு வருவது கார்த்திகை, மார்கழியில், இடையில் நான்கைந்து மாதம் வயலில் பயிர் நிற்கிறது, அதில் எந்த மாதத்துக்கு மாற்றினாலும் பார்க்க ஏதாவது இருக்கும். ஆகவே ஒரே கருத்தரங்கில் இரண்டையும் சேர்த்து வைத்திருந்தால், தொற்று வரும்போது இரண்டையும் பிரித்துவிடுங்கள். சிறுதானியப் பகுதியைத் தள்ளிவையுங்கள், மாம்பழப் பகுதியை வேறு விதமாக நடத்துங்கள்.

அந்த வேறு விதம்தான் சிறு அறைகள். யாரும் விமானம் ஏற வேண்டாம். பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் 20 பேர், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் 20 பேர், ஓசூரில் 20 பேர், அதே போல மெக்சிகோவில் ஒரு அறை, கென்யாவில் ஒரு அறை. ஒவ்வொரு அறையும் ஜன்னல் திறந்தது, முடிந்தால் அறையே வேண்டாம், தோப்பில் மர நிழலில் நாற்காலி போட்டு ஒரு டிவியும் ஒரு நல்ல இணைய இணைப்பும் வைத்தால் போதும், திறந்த வெளியில் பரவல் ரொம்பக் குறைவு. அசெப்டிக் முறையில், அதாவது கிருமி நீக்கி, அடைத்த மாங்கூழ் குளிர்பதனம் இல்லாமலே பல மாதம் கெடாது, அதனால் மாதிரிப் பைகளை முன்பே கூரியரில் அனுப்பிவிட்டு எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் பிரித்துச் சுவைத்துப் பேசலாம். விவசாயி தன் பக்கத்து ஊர்வரை வந்தால் போதும், அவர் தமிழில் பேசுவதை அதே அறையில் இருக்கிற ஒருவர் மொழிபெயர்ப்பார். தத்துப்பூச்சி தாக்கிய கொத்தை எல்லோர் கைக்கும் கொடுக்க முடியாது, ஆனால் 20 பேர் கைக்காவது போகும். நம் மாவட்டத்துக்குள்ளேயே நோய் பரவ ஆரம்பித்துவிட்டால் இந்த அறைகளையும் மூடிவிட வேண்டியதுதான், அப்போது இணையம் ஒன்றுதான் மிச்சம்.

இவ்வளவும் தெரிந்தும் குழுக்கள் ஏன் கடைசி நிமிடம் வரை இழுக்கின்றன? பணம்தான். அரசு தடை போட்டு நிகழ்ச்சி நின்றால் ஓட்டல்காரரிடம் 1872ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 56ம் பிரிவை, அதாவது நிறைவேற்றவே முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிற பிரிவை, காட்டிப் பேச வழி இருக்கிறது. நீங்களாகப் பொறுப்போடு முன்கூட்டியே நிறுத்தினால் அந்த வழி பெரும்பாலும் கிடையாது, முன்பணம் போய்விடும். ஆக பொறுப்பாக நடப்பவருக்கு நஷ்டம், தடை வரும்வரை காத்திருப்பவருக்கு லாபம். காப்பீடும் உதவாது, நோய்ச் செய்தி வந்த பிறகு எடுக்கிற பாலிசி பெரும்பாலும் அந்த நோயை ஏற்காது. இதற்கு ஒரே மருந்து, ஓட்டலோடும் மண்டபத்தோடும் ஒப்பந்தம் போடும் அன்றே, உலக சுகாதார நிறுவனம் சர்வதேசப் பொதுச் சுகாதார அவசரநிலை என்று அறிவித்தால் இத்தனை நாள் முன்பு வரை முன்பணத்தைத் திருப்பித் தரவோ வேறு தேதிக்கு மாற்றவோ வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்குவது. கொரோனாவில் அந்த அறிவிப்பு 2020 ஜனவரி 30ம் தேதியே வந்துவிட்டது, ஊரடங்குக்கு ஏறக்குறைய எட்டு வாரம் முன்பு. அமெரிக்க இயற்பியல் சங்கம் டென்வரில் மார்ச் 2ம் தேதி தொடங்க வேண்டிய கூட்டத்தை பிப்ரவரி 29ம் தேதி இரவு நிறுத்தியபோது, 10,000 பேருக்கு மேல் பதிவு செய்திருந்தார்கள், பலர் ஏற்கெனவே அங்கே வந்து இறங்கிவிட்டார்கள்.

தேதியையும் முன்பே எழுதிவிட வேண்டும். 60 நாள் முன்பு ஒரு கூட்டம், அதில் வெளிநாட்டுக்காரர்கள் டிக்கெட் எடுக்கலாமா என்று முடிவு. 21 நாள் முன்பு இன்னொரு கூட்டம், அதில் கடைசி முடிவு, அதற்குப் பிறகு நிலைமை மோசமானால் மட்டுமே மாற்றம். இந்தியா 2020 மார்ச் 11ம் தேதி இரவு அறிவித்து 13ம் தேதியிலிருந்து பெரும்பாலான விசாக்களை நிறுத்தியது, வழக்கமான சர்வதேசப் பயணிகள் விமானங்கள் மறுபடி ஓடியது 2022 மார்ச் 27ம் தேதி. இரண்டு நாளில் கதவு மூடலாம், இரண்டு வருடம் மூடியிருக்கலாம், உள்ளே மாட்டிக்கொண்ட விருந்தினருக்கு யார் சோறு போடுவது, யார் அறை வாடகை தருவது என்பதற்கும் அழைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். முடிவெடுக்கும் குழுவில் ஒருங்கிணைப்பாளர் மட்டும் இருந்தால் போதாது, அவருக்கு அதை நடத்தி முடித்துப் பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை இருக்கும், அது இயல்பு. மாவட்ட சுகாதார அலுவலகத்திலிருந்து ஒருவர், விடுதி ஊழியர்கள் பக்கம் ஒருவர், இந்த இரண்டு பேரும் கட்டாயம் வேண்டும், அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டும் என்று விதி வைக்கலாம்.

நிறுத்தினாலோ தள்ளிவைத்தாலோ கட்டுரை ஏற்கப்பட்ட மாணவர்களுக்கு கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பைச் சொன்ன தேதியிலேயே வெளியிட்டுவிடுங்கள், அவர்கள் பட்டம் இதற்காகக் காத்திருக்கக் கூடாது. வெளிநாட்டு விருந்தினருக்குக் கடிதம் போவது போலவே, அதே நாளில், சமையல் மாஸ்டருக்கும் வேன் டிரைவருக்கும் போன் போக வேண்டும். அவர்கள் அந்த மூன்று நாளுக்காக வேறு கல்யாண ஆர்டரை விட்டிருப்பார்கள். பேசிய தொகையில் பாதியாவது கொடுப்பது என்று பட்ஜெட் போடும்போதே தனியாக ஒரு வரி ஒதுக்கி வையுங்கள், ஒத்திவைப்பு அறிவித்த அன்றே அது அவர்கள் கணக்கில் ஏறட்டும்.